புள்ளி மூன்று

பாலாற்றுப் பாலத்தில் மட்டும்தான் அது பேசும்.
இணைப்புக்கு இணைப்பு சக்கரம் ஏறி இறங்குகையில்
டேஷ்போர்டுக்குள் ஒரு 'டிக்'.
மேல்விஷாரம் தோல் மண்டி அத்தாவுல்லா
சாவியை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னார்:
"பன்னிரண்டு லட்சம் கொடுத்து
பல்லி வாங்கியிருக்கேன்."

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஒர்க்‌ஷாப்,
தகரக்கூரை, நாலாம் நம்பர் பே எனக்கு.
நேரப் புத்தகம் கம்பெனிக்கு.
பிரேக் பேடு புள்ளி ஏழு.
வைப்பர் மோட்டார் புள்ளி நான்கு.
கிளட்ச் மூன்று புள்ளி இரண்டு.
எழுதியவன் ஏசிக் கூடத்தில்
துருவே அறியாத போல்ட்டைக் கழற்றி
ஸ்பானர் எடுத்துத்தர ஆள் வைத்துக்கொண்டு
கடிகாரம் பார்த்திருப்பான்.
கத்திரியில், மதியம் இரண்டு மணிக்கு,
வேலூர் வெயிலில் நின்ற வண்டியின் போல்ட்டை
அவன் விரலால் தொட்டதில்லை.

சம்பளம் வீட்டு வாடகைக்குச் சரி.
மற்றதெல்லாம் புள்ளிகள்:
சீட்டுப் பணம், பைக் தவணை,
மகளுக்குக் கணக்கு டியூஷன்.
(அவள் தசமத்தில் வீக்காம்.)
வண்டிக்காரர் காசு கொடுத்தால் புள்ளிக்கு முழு ரேட்.
வாரண்டி என்றால் முக்கால்.
இரண்டுக்கும் ஒரே முழங்கைதான் உள்ளே போகிறது.

லோகு பின்சீட்டில் காதை வைத்துப் படுத்துக்கொள்ள
நான் பாலத்தில் நாலு தடவை போய்வந்தேன்.
காட்பாடிப் பக்கம் போகையில் இடது,
திரும்பி வருகையில் நடு.
தேடுவதற்குப் புத்தகத்தில் பக்கமில்லை.
இதே ஊரில்
நாடி பிடிப்பதற்கு முன்பே டோக்கனுக்குக் காசு.
விடிகாலையிலேயே வரிசை.

ஸ்டியரிங் கவர், ஏசி வென்ட், மீட்டர்,
இருபத்திரண்டு ஸ்க்ரூ, எண்ணி டப்பாவில்.
டேஷ்போர்டு முழுசாய் மடியில் வந்து உட்கார்ந்தது,
தூங்கிவிட்ட பிள்ளை கணக்காய்.
பின்னால், ஒயர் கட்டுக்கும் இரும்புக்கும் இடையில்
ஒரு வாஷர்.
எங்கள் வாஷர் இல்லை.
அங்கே, வண்டி பிறந்த லைனில்,
எவனோ கைநழுவ விட்டது.
அவனுக்கும் அன்று பெல் அடித்திருக்கும்.

மூன்று மணி பத்து நிமிடம்.

கிளெய்ம் டெஸ்கில் பிரிசில்லா கேட்டாள்,
"எந்த பார்ட்டுண்ணா ஃபெயிலு?"
எதுவும் இல்லை.
"மாத்தினது?"
எதுவும் இல்லை.
"அப்ப வேலையே நடக்கலையே."
திட்டவில்லை அவள். திரை அப்படிக் கேட்கிறது.
பார்ட் நம்பர் இல்லாவிட்டால் அடுத்த கட்டம் திறக்காது.
வாஷரைக் காட்டினேன்.
அதற்கு நம்பர் கிடையாது,
அது அந்த வண்டியில் இருக்கவே கூடாதது.

கொஞ்ச நேரம் மவுசை உருட்டினாள்.
"வென்ட் கிளிப் உடைஞ்சதுன்னு போட்டா
புள்ளி மூணு வருதுண்ணா.
ஆனா உடைஞ்ச கிளிப் வேணும்.
பத்தாம் தேதி சென்னையிலருந்து வந்து
டேக்கைப் பிரிச்சுப் பாக்குறாங்க."

புள்ளி மூன்று, பதினெட்டு நிமிடம்.
முக்கால் ரேட்டில்.
அதில் லோகுவுக்கும் பங்கு.

அத்தாவுல்லா ஆறு மணிக்கு வந்து
பாலம்வரை ஓட்டிப் பார்த்தார்.
திரும்பும்போது முகம் மலர்ந்திருந்தது.
"சத்தமே இல்ல. காசு ஒண்ணும் இல்லியே,
வாரண்டிதானே?"
இல்லைங்க பாய், ஒண்ணும் இல்லை.
லோகு அந்த வாஷரைத்
தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் போனபின் ஸ்டோரிலிருந்து வந்த
புதுக் கிளிப்பை வண்டியில் மாட்டியதாக எழுதினேன்.
பழையது வண்டியிலேயே நன்றாக இருக்கிறது.
புதியதைக் கட்டிங் பிளேயரில் வைத்து நெரித்தேன்.
வளைந்தது, திரும்பிக்கொண்டது.
இன்னொரு தடவை.
நல்ல சாமான்.
லேசில் உடையவில்லை.
அதற்கு ஆன நேரத்தையும்
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.