மேசை எண் இரண்டு

உரச்சாக்கில் ஏழு கோழிகள்.
மெட்ரோவுக்குத் தோண்டிய சேறு
சைலன்சர்வரை அப்பியிருக்க
அலமாதியிலிருந்து மாதவரத்துக்கு
டிவிஎஸ்ஸில் வந்திருக்கிறாள் சகாயமேரி.
சாக்கின் வாயை அவிழ்க்குமுன்
மணிபர்சைத் திறந்து மடித்த தாளொன்றை நீட்டுகிறாள்.
ஏழாம் நாள் கண்ணில் சொட்டு.
பதினாலில் கம்போரோவுக்குத் தண்ணீரில்.
இருபத்தொன்றில் மறுபடி ராணிக்கெட்.
ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில்
குப்பியிலிருந்து உரித்த லேபிள்.
"எதையும் விடல மேடம்."

சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து
இறகு பறக்காமல்
தொடை மூட்டுகளை மளுக்கென்று விரித்து வைக்கிறார் அற்புதராஜ்.
இருபது வருடமாகக் கேட்கும் சத்தம்.
இன்னும் அந்த ஒரு நொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

அரைப்பைக்கு முந்தின இரைப்பையைக் கீறினால்
சுரப்பி முனை ஒவ்வொன்றிலும் குண்டூசித் தலையளவு ரத்தம்.
பச்சைக் கழிச்சல். முறுக்கிய கழுத்து.
ராணிக்கெட்தான், பயிற்சி மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.
சொல்லியும் விட்டார்கள்.

நான் கோழியைத் திருப்பி
எச்சத்துவாரத்துக்கு மேலே, முதுகுப் பக்கம்
விரல்விட்டுத் தேடுகிறேன்.
முப்பத்திரண்டு நாள் கோழிக்கு
அங்கே அரைநெல்லி அளவில் ஒரு பை இருக்கவேண்டும்,
உள்ளே மடிப்பு மடிப்பாக,
மண்ணீரலைவிடப் பெரிதாக.
அகப்பட்டது சுண்டைவற்றல்.

பர்சா.
மேரியின் கையிலிருக்கும் பர்சும் இதுவும்
மூலத்தில் ஒரே சொல்.
எதற்கென்று தெரியாமலே
முன்னூறு வருடத்துக்கும் மேல் புத்தகத்தில் கிடந்த பை.
குஞ்சுப் பருவத்தில் அணுக்கள் உள்ளே போகும்,
அந்நியனை அடையாளம் கண்டு
எதிர்ப்பொருள் செய்யத் தயாராகி வெளியே வரும்.
வேலை முடிந்தால் பை தானே கரைந்துபோகும்,
யாரும் வெட்டி எடுக்கவேண்டாம்.

இங்கே வேலை முடியவில்லை.

"நடுவுல சோர்ந்துச்சா?"
யோசிக்கிறாள். "பதினோராம் நாளு, பன்னெண்டாம் நாளு
மூலைல சுருண்டு உக்காந்துதுங்க.
அப்புறம் தீனி எடுத்துச்சு.
சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

கழுத்தோரத்தைப் பிரிக்கிறேன்.
இருபுறமும் மணி கோர்த்ததுபோல் இருக்கவேண்டிய தைமஸ்,
நூல் மட்டும் மிச்சம்.

கூரியர்காரன் வந்திருக்கிறான்,
பதினாலில் ஒரு முறை, இருபத்தொன்றில் ஒரு முறை.
மணியடித்துக் காத்திருந்திருக்கிறான்.
கையெழுத்துப் போட வீட்டில் ஆள் இல்லை.
அதற்குமுன் வந்தவன்
கதவைத் தட்டவே இல்லை,
பழைய உமியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஷெட்டு எத்தன நாள் காலியா கெடந்துச்சு?"
"பதினஞ்சு நாள் கேட்டேன் மேடம்.
ஆறாம் நாளே கம்பெனி வண்டி குஞ்சு எறக்கிட்டுப் போயிடுச்சு.
சுண்ணாம்பு அடிச்சதே காயல."

மாலைக்குள் சீரம் தட்டு வந்துவிட்டது.
எதிர்ப்பொருள் அளவு: ஒன்று. ஒன்று. பூஜ்யம். இரண்டு. பூஜ்யம்.
தடுப்பூசி போடாத கோழியிலும்
இப்படித்தான் வரும்.
இது கம்பெனி மேலாளருக்கும் தெரியும்.

படிவத்தில் 'இறப்புக்கான காரணம்'
ஒரே ஒரு வரி.
ராணிக்கெட் என்றால் அவள் மருந்து போடவில்லை,
கம்போரோ என்றால் அவள் ஷெட்டைக் கழுவவில்லை.
இரண்டுக்கும் பிடித்தம் அவள் கணக்கில்தான்,
ஆயிரத்து அறுநூறு கோழிக்கு.

மாதிரித் துண்டை ஃபார்மலின் பாட்டிலில் போட்டேன்.
அடியில் போய்ச் சாய்ந்தது.
"இவ்ளோண்டா?" என்று கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தாள்.

அந்த ஒரு வரியில் ராணிக்கெட் என்று எழுதினேன்.
பிறகு ஓரத்தில், பொடி எழுத்தில்,
கோடிட்ட இடத்தைத் தாண்டி,
முத்திரை விழும் மூலைவரை:
பர்சா சுருக்கம், பதினோராம் நாள்,
லேபிள் மூன்று, பார்த்தேன்,
குஞ்சு இறக்கிய தேதி.

மேரி தாளைத் திருப்பிக் கேட்டாள்.
ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கொடுத்தேன்.
நாலாய் மடித்துப் பர்சில் வைத்து
ஜிப்பை இழுத்தாள்.
பாதியில் மாட்டியது.
மறுபடி இழுத்தாள்.