எண்பதாம் துறை

இந்தத் தீவுக்குத் துறை ஒன்றுதான்.
சிமெண்டுச் சரிவு, இரண்டு டயர், ஒரு விளக்கு.
வாடைக் காற்று அடித்தால் விளக்கும் இல்லை.
இந்தப் பெட்டிக்கோ
அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் துறைகள்,
எல்லாம் சாத்திக் கிடக்கின்றன.

நகராட்சி கழித்துப்போட்ட கணினி.
காஸ்ட்ரோவிலிருந்து
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே படகில் வந்தது.
தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில்
ஹோஸ் பைப் காயும் கொடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.
அதன் விசிறி
சளி பிடித்த ஆட்டுக்குட்டியாய் இழுக்கிறது.

பழையதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினேன்.
காசு கேட்கவில்லை.
எந்தெந்த ஊரிலோ எவரெவரோ
தூக்கம் கெட்டு எழுதியது.
பெயர் என்ன என்று மட்டும் கேட்டது.
சுக்காவ் என்று தட்டினேன்.
காட்டுக்குள் வலப்பக்கம் கூவினால் நல்லது,
இடப்பக்கம் கூவினால் போன காரியம் போச்சு
என்று சிலோயேயில் சொல்வார்களே, அந்தக் குருவி.

முதலில் அதற்கோர் இடம்.
பத்து, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், இரண்டு.
இனி நீ நகரக் கூடாது.
தினம் வீடு மாற்றுகிறவனுக்கு
யார் கடிதம் கொண்டுவருவார்?

மற்றவர்களுக்கெல்லாம் குத்தகை.
கதவைத் தட்டும் எந்த போனுக்கும்
எட்டு மணி நேரத்துக்கு ஓர் எண்.
திரும்பி வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடு.
சிப்பிப் பண்ணைக்காரர்கள் கடலை எடுத்த குத்தகை
இவ்வளவு சுலபமாய் முடிவதில்லை.

பிறகு பெயர்கள்.
மரேயாஸ் என்று கேட்டால்
நீரேற்றம் நீரிறக்கம் காட்டு.
லாஞ்சா என்று கேட்டால் படகு நேரம்.
தெரியாத பெயர் வந்தால்
குன்றின் மேலுள்ள ஆன்டெனாவைக் கேள்,
அதற்கும் தெரியாவிட்டால்
தெரியாது என்று சொல்லிவிடு.
சொல்கிறது.
இதை மட்டும் மேயருக்கு ஏற்ற முடிந்தால்.

வலைச் சேவையை எழுப்பினேன்.
எழவில்லை.
நாற்பத்தொன்றாம் வரியில்
ஓர் அரைப்புள்ளி இல்லையாம்.
முழுப்புள்ளி கூட இல்லை, அரை.
வைத்தேன். எழுந்தது.

தன்னைத் தானே கேட்டால் பதில் சொல்கிறது.
என் போன் கேட்டால் மௌனம்.
ஒரு மணி, ஒன்றரை, இரண்டு.
இரவுப் பணியில் இருந்த நோல்பெர்ட்டோ
மாத்தேக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தார்.
என்ன?
தீச்சுவர், என்றேன்.
எங்கே என்று ஹெல்மெட்டுக்குக் கை நீட்டினார்.

எண்பதாம் துறையைத் திறந்தேன்,
எல்லோருக்கும்.
இருபத்திரண்டை எனக்கு மட்டும், அதுவும் உள்ளிருந்து.
மீதி சாத்தியே இருக்கட்டும்.

நாலு பன்னிரண்டுக்குப் பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது.
ஐம்பத்தேழாம் எண்.
மரேயாஸ்.
இருநூறு, அதாவது கேட்டது கிடைத்தது.
குத்தகைச் சீட்டைப் பார்த்தேன்:
எடுவினாவின் போன்.

ஆன்டெனா வேண்டாம் என்று
முதல் கையெழுத்துப் போட்டவள்.
கடலைப் பற்றிப் பெட்டியிடம் கேட்க
எனக்கென்ன தலையெழுத்தா என்று
சபையில் எழுந்து நின்று கேட்டவள்.
நாற்காலியில் சாய்ந்து
தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

விடிந்தும் விடியாமலும்
கதவுக்கு இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல்:
ரெனாத்தா!
ரப்பர் பூட்ஸில் நீர் சொட்ட நின்றாள்.
கூடையில் ஒரு மட்டி இல்லை.
உன் பெட்டியை நம்பி
ஒரு மணி நேரமாய்
முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன்,
கடல் இன்னும் வற்றவில்லை.

கோடைக் கணக்குக்கு நாடே
கடிகாரத்தை முன்னே தள்ளி ஒரு வாரம்.
பெட்டிக்குச் சொல்ல மறந்தது நான்.
நாலு பன்னிரண்டு அல்ல, ஐந்து பன்னிரண்டு.
பறவையைக் குறை சொல்ல வழியில்லை.

நேர மண்டலத்தைத் திருத்தினேன்.
அவள் போய்விட்டாள், திட்டிக்கொண்டே,
திட்டில் நம்பி என்ற சொல்
எத்தனை முறை வந்தது என்று எண்ணாமலே.

குத்தகைக் கோப்பைத் திறந்து
ஐம்பத்தேழை அவள் பெயருக்கே எழுதிவைத்தேன்,
கெடு இல்லாமல்.
வரியின் கடைசியில் அரைப்புள்ளி இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்தேன்.