மீளப்பெறல்

டாம் வீதி முனையில், போட்டோக்கொப்பிக் கடைக்குள்
ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு றப்பர் முத்திரை.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் நான்.
பக்கத்துக்கு அறுநூறு.
அவசரமென்றால் ஆயிரம்.

எமல்டா வந்தது வியாழக்கிழமை, மழைக்குப் பிறகு.
கொட்டாஞ்சேனையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை,
அதற்காக அண்ணன் கிங்ஸ்லிமேல் போட்ட வழக்கு,
ஏழு வருஷம், நாலு லோயர்.
"விட்டிட்டன் எண்டு எழுதுங்கோ" என்றாள்.
"இங்கிலீஷில."

பின்னுக்குப் போக இங்கிலீஷ்காரனுக்கு
எத்தனை வாசல் பாருங்கள்.
படை போனால் ரிட்ரீட்.
கடலும் என் முன்மயிரும் போனால் ரிசீட்.
சுட்ட துவக்கு சுட்டவன் தோளிலேயே இடித்தால் ரிகொய்ல்.
சொன்னதை விழுங்கினால் ரிட்ராக்ட்.
மந்திரி போனால் ரிசைன்;
அந்தச் சொல் மட்டும் என்னிடம்
இன்னும் புதிதாகவே கிடக்கிறது.

நமக்கும் குறைவில்லை:
விலகு, ஒதுங்கு, நழுவு, பதுங்கு.
பதுங்குவதைப் பற்றி ஒரு பழமொழி உண்டு.
இந்த நகரத்தில் அதை நான்
சத்தமாகச் சொல்லி முப்பது வருஷமாகிறது.

காலையில், நூறாம் நம்பர் பஸ்ஸில்
"பஸ்ஸட, பஸ்ஸட" என்று தள்ளினான் கொண்டக்டர்.
பின்னுக்குப் போகப் போக இடமிருக்குமென்று
அவன் ஒருவன்தான் இன்னும் நம்புகிறான்.

காசை எடுக்கவும் வழக்கை எடுக்கவும்
ஒரே சொல்: வித்ட்ரோ.
அதைத்தான் அடித்தேன்.
"என்ன போட்டிருக்கிறியள்?"
வங்கித் துண்டில் இருக்கும் தமிழைச் சொன்னேன்:
மீளப் பெறுகிறீர்கள்.
சிரித்தாள். இருமலாகவும் இருக்கலாம்.
"நான் ஒண்டும் பெறேல்லையே, சேர்."

சரி, பின்வாங்குகிறீர்கள்.
"பின் எண்டா பிறகுதானே.
பிறகு என்ன வாங்குவன்?"

முப்பது வருஷத் தொழில்.
ஃபேன் சுற்றியது.

மூச்சு விடுகிறோம்.
காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறோம்.
பிள்ளையைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம்.
எதுவும் பின்னுக்குப் போகவில்லையே.
அவள் வந்ததும் வராததுமாய்ச் சொன்ன சொல்
மேசையில் கிடந்தது, நனைந்த குடைக்குப் பக்கத்தில்.
நீதிமன்றத்துக்கு அது ஆகாது.
வித்ட்ரோவே இருக்கட்டும் என்று முத்திரை குத்தினேன்.

எத்தனை கொப்பி என்று கேட்டான் கடைப் பெடியன்.
மூன்று என்றேன்.
"அண்ணனுக்கு ஒண்டு காணும்" என்றாள்.

போகும்போது திரும்பவில்லை.
கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில்
சுரூபத்துக்கு முதுகு காட்டாமல் வருவார்களே, அப்படி
கடதாசியைப் பார்த்தபடியே
வாசல்வரை பின்னுக்கு நடந்தாள்.
வெளியே ஒரு த்ரீவீல் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.
"அக்கா, பார்த்து" என்று கத்தினேன்,
இரண்டு பேரில் யாருக்குப் பின்னால் யாரென்று
எனக்கே தெரியாமல்.