இடப்பக்க ஷிஃப்ட்

மோட்டார் சைக்கிள் தாங்கிக்கும் தன் வயிற்றுக்கும் நடுவே
பழஞ்சாரத்தால் சுற்றி
குருநகரிலிருந்து கொண்டு வந்தார் றெமீஜியஸ்,
கடற்றொழிலாளர் சங்கத்தின் கொம்பியூட்டரை.
கீபோட் அவர் கழுத்தில் தொங்கியது.

"ரெண்டு நாளா எழும்புதில்லை, தங்கச்சி.
எழும்பினாலும் என்னைத் தெரியாதாம்."

கஸ்தூரியார் வீதியில், தையற்கடைக்கு மேலே என் கடை.
கீழே மெஷின் ஓடினால்
என் மேசையில் ஸ்குரூக்கள் நடுங்கும்.
பெட்டியைச் சரித்துப் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறியில் சாம்பல் பஞ்சு,
பல்லி முட்டையின் வெறுங்கோது,
போட் முழுக்க உப்பின் மெல்லிய பூ.
கடல்
சந்தா கட்டாமலே சங்கத்துக்குள் வந்திருக்கிறது.

ஆளியைத் தட்டினேன்.
நீளக் கூவல். நீளக் கூவல்.
நிற்காத நீளக் கூவல்.
"என்ன சொல்லுது?"
டொக்டரிடம் கேட்கிற குரல்.
"ஞாபகம் கழண்டிட்டுதாம்."

நினைவுத் துண்டை இழுத்தெடுத்து
அதன் பொன்பல் வரிசையை
பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தேன்.
"அழிச்சா ஞாபகம் வருமெண்டுறியள்?" என்று சிரித்தார்.
வந்தது.

மொனிற்றர் வெளுத்தது.
நேரம் பிழை, எஃப் ஒன்றை அழுத்து என்றது.
மூலையில் திகதி:
2009 ஜனவரி 1.

கீழே தையல் மெஷின் நின்றிருந்தது.

"ஒண்டுமில்லை அண்ணை.
மதர்போட்டில சின்னப் பற்றரி ஒண்டு இருக்கு.
அது செத்தா
கம்பனி போட்டுவிட்ட நாளுக்கே திரும்பிப் போயிடும்.
முந்நூறு ரூபாய்ச் சாமான்."

அவர் கேட்கவில்லை.
"அண்டைக்குக் கடலுக்குப் போகப் பாஸ் வேணும்.
பாஸில படம், படகின்ர நம்பர்.
திரும்பி வர அஞ்சு நிமிசம் பிந்தினா..."
மீதியை விரலால் மேசையில் எழுதி
உள்ளங்கையால் துடைத்தார்.
பிறகு திரையைக் காட்டினார்:
"இதுவும் பாஸ்தானே கேக்குது."

சுட்டுவிரல்கள் இரண்டும் நண்டு போல நடந்தன.
பத்துக் கரும்புள்ளிகள்.
பிழை.
மறுபடி பத்து.
பிழை.
"சத்தியமா இதுதான். பதினாறு தரம் அடிச்சுப் பாத்திட்டன்."

நாலு மணிக்குள்
மண்ணெண்ணெய் மானியப் பட்டியல் கச்சேரிக்குப் போகவேண்டும்.
இருநூற்றுப் பதினொரு படகுகள்
உள்ளே பூட்டிக் கிடந்தன.

பொல்லாதவை இந்தப் புள்ளிகள்.
என்ன எழுதினாய் என்று
எழுதினவனுக்கே சொல்லாதவை.
"மேல பெயர்ப் பெட்டியில அடியுங்கோ,
அங்க எழுத்துத் தெரியும். நான் பாக்கேல்லை."
திரும்பி நின்று
நகைக்கடைக் கலண்டரில் இன்றைய திகதியை
வாசித்துக்கொண்டிருந்தேன், ராகுகாலம் வரைக்கும்.

"தங்கச்சி...
பெரிய எழுத்து வருகுதில்லை."

இடப்பக்க ஷிஃப்ட்.
கீபோட்டைக் கவிழ்த்துத் தட்டினேன்.
சீனி உறைந்த தேத்தண்ணித் துணுக்குகள், பாணின் பொருக்கு,
ஒரேயொரு மீன் செதில்.
அவர் சொன்னது சரி.
அது கேட்டதும் சரி.
நடுவில் ஒரு விசை ஊமையாயிருந்தது.

வலப்பக்கத்தால் அடித்தார்.
திறந்தது.

பட்டியலைப் பென்னில் ஏற்றிக் கொடுத்தேன்.
மெஷினை நிறுத்திப் பற்றரியை மாற்றினேன்.
திகதி திருத்தும் இடத்தில்
கூட்டல் குறியைத் தட்டித் தட்டி
வருடங்களை ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும்.
"நான் செய்யட்டே?" என்றார்.
புதிய கீபோட் ஒன்றை அவர் பக்கம் தள்ளினேன்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
நாலு மணியை மறந்துவிட்டார் போலிருந்தது.
சில வருடங்களை விரல் சட்டென்று தாண்டியது,
சிலவற்றில் நின்று
காற்றுப் பார்த்துப் போனது.

செத்த பற்றரியைக் கேட்டு வாங்கிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
பெட்டியை நாளைக்கு எடுக்கிறாராம்.

நாலுக்குப் பத்து நிமிடம்.
கீழே வீதியில் உதைக்கிறார், உதைக்கிறார்,
இப்போது எழும்பாதது மோட்டார் சைக்கிள்.
தையற்காரப் பிள்ளை எட்டிப் பார்த்துத்
தள்ளிவிட இறங்குகிறாள்.