சுழி

துணிக்கொடிக் கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவே
ஓர் இரும்புக் குழாய்.
சாட்ஸ்வொர்த்தில் மின்வெட்டு முடியாத விடியல்.
ஹடீடாக்கள் கூரைமேல் கத்திக்கொண்டு போக
நான் தொங்குகிறேன்.

பதினான்கு மாதமாய் நோட்டில் ஒரே எண்.
சுழி. மழை.
சுழி. இடது தோளில் குத்தல்.
சுழி, ஆனால் முப்பத்தொன்று எண்ணும்வரை கை விடவில்லை.
சுழி. மனசு இங்கே இல்லை.
சுழி. முழங்கை கொஞ்சம் மடங்கியது
(நம்பலாமா?)

"இன்னும் காயலையா, சரோஷினி?"
வேலிக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் கோவெண்டர்,
கையில் தேநீர்.
"ஈரம்தான் அங்கிள்."

செவ்வாய்க்கிழமை
தாடை குழாயைத் தாண்டிப் போனது.
ஒரு நொடி. அதற்கும் குறைவு.
இறங்கி, வியர்வை சொட்டும் தாளில்
ஒன்று என்று எழுதினேன்,
பேனா கிழிக்கும் அளவு அழுத்தி.

இரவுப் பணி. மருத்துவமனைச் சலவைக்கூடம்.
நாற்பதாவது விரிப்பை மடிக்கையில்
காலுக்கு ஞாபகம் வந்தது:
கட்டைவிரல் மதிலை உந்தியிருக்கிறது.

யாரும் பார்க்கவில்லை.
கோவெண்டர் கூட அன்று வெளியே வரவில்லை.

வீடு திரும்பி, காலணி கழற்றாமல்,
ஒன்றை அடித்தேன்.
சுழி.
பக்கத்தில், சின்ன எழுத்தில்:
குழாயின் மேல்புறம் முழுக்கத் துரு.
இன்றுதான் பார்த்தேன்.