நிரப்பு மண்

பெரும்பாக்கம் பக்கம், இரண்டாவது துளை.
அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியல்
விழும். நான் எண்ணுவேன்.
சம்பளம் எண்ணுவதற்குத்தான்.

மேலே ஒன்றேமுக்கால் மீட்டர்:
உடைந்த டைல்ஸ், பால் கவர்,
யாரோ இடித்த வீட்டின் பச்சைச் சுண்ணாம்பு.
படிவத்தில் எழுதினேன்: நிரப்பு மண்.

அதற்குக் கீழே கறுப்புச் சேறு.
இரண்டே போடு, ஒரு முழம் இறங்கியது
தயிர்ச் சட்டியில் விரல் விட்ட மாதிரி.
அன்வர்தீன் பீடி பற்றவைக்க ஒதுங்கினான்.
கோரைக்குள் ஒரு நாமக்கோழி
எங்களைப் பொருட்படுத்தவில்லை.

நாலரை மீட்டரில் சுத்தியல் குதித்தது.
பதினேழு. பதினெட்டு. இருபத்து மூன்று.
"பாறையா மேடம்?"
பாறைக்கு இன்னும் எவ்வளவோ போக வேண்டும்.

குழாயைப் பிளந்தால்
ஒரு கழியின் கூர்முனை,
மூன்று பக்கம் சீவியது.
கோரை, களிமண், மறுபடி கோரை,
கரி, கெளுத்தியின் முள்,
இந்தச் சதுப்பில் இல்லாத செம்மண் கட்டி.
கட்டியின் அடியில்
கூடை முடைந்த தடம்.

யாரோ மேட்டிலிருந்து தண்ணீர் தாண்டிச் சுமந்திருக்கிறார்கள்.
நின்று சமைக்க, படுக்க,
பிள்ளை பெற
ஓர் இடம் வேண்டி, கூடை கூடையாக.
ஒவ்வொரு மழைக்கும் ஒரு சாண் அமிழ்ந்திருக்கும்.
இன்று உன் முறை, நேற்றும் நான்தானே என்று
சண்டை நடந்திருக்கும்.
"இறங்குது" என்பதற்கு
அவர்கள் பேச்சில் எத்தனை சொல்?

படிவத்தில் வேறு கட்டம் இல்லை.
இரண்டாம் முறையும் எழுதினேன்: நிரப்பு மண்.

ஜெபசிங் சார் போனில் கேட்டார்,
"ஒரே துளையில ரெண்டு தடவையா?
டைப்பிங் தப்பா?"
"தப்பில்ல சார்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"கிளையண்டுக்கு ஒண்ணு போதும்."
கீழே இருந்ததை அடித்துவிட்டார்.

ஜல்லடியன்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டை
ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள், நாலடி.
மூன்று வருஷம் முன்னால் நாங்கள்
ஆறு லோடு கிராவல் கொட்டினோம்.
அந்த டிசம்பரில் தண்ணீர்
அவர்கள் வீட்டுக்குப் போனது.
இனி எங்களுக்கு வரும்.
மரகதவல்லி அக்கா இப்போதும் சிரிக்கிறாள்,
முன்பு போல் சாம்பார் மட்டும் வருவதில்லை.

ராத்திரி ஜாக்கி முனகும்.
என்னையறியாமல் எண்ணுகிறேன்.

அந்தக் கழிமுனை
ஊறுகாய் பாட்டிலில், ஃப்ரிட்ஜில்,
எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால்.
காய்ந்தால் வெடித்து நாராகிவிடும்.
அதனால் குறையக் குறைய
தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன்.