கடைசி மோட்டார்

கொட்டேஷன் பதினோரு பக்கம்.
எனக்குப் புரிந்தது கடைசிப் பக்கத்தில் ஒரே வரி:
பதினான்கு லட்சத்து இருபதாயிரம், வரி தனி.
கையெழுத்துக்குக் கோடு போட்டு
பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி,
இங்கே போடவும் என்று.
முப்பது வருடமாகச் செக்கில் போடுகிற கை
கோட்டுக்கு மேலே போய் நின்றது.
இறங்கவில்லை.

அதனால்தான் இந்த வகுப்பு.
காளவாசல் பக்கம், ஸ்கேன் சென்டரின் இரண்டாம் மாடி.
செவ்வாய், வியாழன், ஏழு மணிக்கு.
கோடிங் கிடையாது, முடிவெடுப்பவர்களுக்கு மட்டும்
என்று நோட்டீசில் போட்டிருந்தது.
முடிவெடுப்பவர்கள் ஒன்பது பேர் வந்திருந்தோம்.
ஒரு பல் டாக்டர், அப்பளக் கம்பெனிக்காரர்,
சிம்மக்கல்லில் பேரிங் விற்கும் அண்ணன் தம்பி
(தம்பி எழுத, அண்ணன் தூங்க),
பம்ப்செட் விற்கும் நான், தங்கபுஷ்பம்.

சொல்லிக்கொடுத்தவள் பெயர் ஹாஜிரா.
முதல் வாரம் எதுவும் ஏறவில்லை.
கிளவுட் என்பது எங்கேயோ இருக்கிற
இன்னொருத்தர் கம்ப்யூட்டர், அவ்வளவுதான் என்றாள்.
மேகம் என்று சொல்லியல்லவா பணம் கேட்டார்கள் என்றேன்.
மேகத்துக்கும் மாசாமாசம் வாடகை உண்டு என்றாள்.
எழுதிக்கொண்டேன். வாடகை எனக்குத் தெரியும்.

மூன்றாம் வாரம்
போர்டில் ஒரு பெட்டி வரைந்தாள். பெட்டிக்குள் 1.
இரண்டு பக்கமிருந்தும் அம்பு.
"இவரும் பார்க்கிறார், ஒன்று இருக்கிறது.
அவரும் பார்க்கிறார், ஒன்று இருக்கிறது.
இருவரும் விற்கிறார்கள்.
யாரும் பொய் சொல்லவில்லை."

எனக்குக் காது அடைத்தது.

போன சித்திரை. போர்க்குழாய்கள் காற்றை இறைத்த வாரம்.
ஒன்றரை ஹெச்பி சப்மெர்சிபிள், குடோனில் ஒன்றே ஒன்று.
உசிலம்பட்டிக் கிளையில் ஒச்சப்பன் பில் போட்டான்.
மேலூரில் அழகுமலை பில் போட்டான்.
மணி பதினொன்று நாற்பது, இரண்டு பில்லிலும்.
சாயங்காலம் குடோன் வாசலில் இரண்டு வண்டி,
நடுவில் மோட்டார், பாகம் பிரிக்க முடியாத சொத்தாக.
வாழை காய்கிறது என்றார் ஒருவர்.
மற்றவர் ஒன்றும் சொல்லாமல் ரசீதை நீட்டினார்.
நான் ஒச்சப்பனைத் திட்டினேன்.
எல்லார் முன்னாலும்.
திருட்டுக் கணக்கு என்ற வார்த்தையும் சொன்னேன்.
ஆடி பிறக்குமுன் நின்றுவிட்டான்.
இப்போது செக்கானூரணியில் யார் கடையிலோ இருக்கிறான்.

அந்த 1 போர்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.
அழித்தாள்.
இதற்குப் பூட்டு என்று ஒன்று உண்டு என்றாள்.
முதலில் தொட்டவர் பூட்டிக்கொள்வார்,
மற்றவர் காத்திருப்பார்.
"ஒரே நேரத்தில் தொட்டால்? யார் காத்திருப்பது?"
"அந்த முறையைக் கம்ப்யூட்டரா யோசிச்சுச் சொல்லும்?
நீங்கதான் மேடம் சொல்லணும்."

பேரிங் அண்ணன் விழித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கொட்டேஷன்காரர்கள் வந்தார்கள்.
டையோடு ஒருவர், லேப்டாப்போடு ஒருவர்.
ரியல் டைம் என்றார்கள், டாஷ்போர்டு என்றார்கள்,
கலர் கலராக வட்டங்கள் காட்டினார்கள்.
டீ ஆறும்வரை கேட்டுவிட்டுச் சொன்னேன்:
"கடைசி மோட்டாரை உசிலம்பட்டியும் மேலூரும்
ஒரே நொடியில் தொட்டால் என்ன ஆகும்?"

டை கட்டியவர் லேப்டாப்காரரைப் பார்த்தார்.
லேப்டாப்காரர் ஃபேனைப் பார்த்தார்.
"அப்படி நடக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி மேடம்."

நடந்ததே என்று சொல்லவில்லை.
அதற்கு என்ன செய்வீர்கள் என்று எழுதி,
பன்னிரண்டாம் பக்கமாகச் சேர்த்துக் கொண்டுவாருங்கள் என்றேன்.
அவர்கள் போனபின்
பென்சில் குறியை ரப்பரால் அழித்தேன்.
முழுதாகப் போகவில்லை.

இரவு, ஷட்டர் இறக்கிய பிறகு
ஒச்சப்பன் நம்பரைத் தேடி எடுத்தேன்.
மோட்டாருக்குப் பூட்டு யாராவது போட்டுத் தருவார்கள்.
வாயிலிருந்து போனதை என்ன செய்வது என்பது
ஹாஜிராவின் பாடத்தில் இல்லை,
கடைசிவரை வராது என்றுதான் தோன்றியது.

நீங்கள் அழைத்தவர்
வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்,
தயவுசெய்து காத்திருக்கவும்
என்றது ஒரு குரல்.

காத்திருந்தேன்.